பிரிட்டன் தன் நாட்டுக்கடனை எப்படித்தான் அடைத்தது?

“நெப்போலியன் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் அதன் ஆண்டு வருமானத்தைப் போல இரண்டு மடங்கு இருந்ததாம். அதன் பிறகுதான் அது உலக வல்லரசாகவும் ஆனது. அப்படியானால் நாட்டுக்கடனை அடைக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லையா? இந்தியா, இலங்கை என்று வந்தால் மட்டும் ஏன் எல்லோரும் பதறுகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படி அடைத்தார்கள் என்பது மேலே தெரியும் கேள்வி. ஏறக்குறைய ஒரே அளவுக் கடன் ஒரு நாட்டைத் தூக்கி நிறுத்துகிறது, இன்னொன்றைக் கவிழ்க்கிறது, அது ஏன் என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கல்லூரியில் பொருளாதார வரலாறும் பொதுநிதியும் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ரூபாய் அடுத்த வருடம் எங்கே நிற்கும் என்ற ஜோசியம் என்னிடம் கிடையாது. பழைய கணக்குகளைப் படித்துச் சொல்ல முடியும், அவ்வளவுதான்.

முதலில் நேர் பதில். பிரிட்டன் அந்தக் கடனைப் பெரும்பாலும் அடைக்கவே இல்லை. 1819-ல் அதன் நாட்டுக்கடன் சுமார் 84 கோடி பவுண்டு. 1914-ல், முதல் உலகப் போர் தொடங்கும் நேரத்தில், சுமார் 65 கோடி. ஒரு நூற்றாண்டு முழுக்கச் சிக்கனம், உபரி பட்ஜெட் என்று பேசியும் அசலில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவே. ஆனால் அந்த நூறு வருடத்தில் நீராவி, நிலக்கரி, பருத்தி, ரயில் என்று நாட்டின் உற்பத்தி பல மடங்கு பெருகிவிட்டது. அதனால் வருமானத்தைப் போல இரண்டு மடங்காக இருந்த கடன், 1914-ல் வருமானத்தில் கால் பங்கைச் சுற்றி வந்து நின்றது. கடன் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுமந்த உடம்பு வளர்ந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பவுண்டுக் கணக்கு உறுதியானது, ஏனென்றால் நாடாளுமன்றத்தின் முன் வருடாவருடம் வைக்கப்பட்ட கணக்கு அது. “இரண்டு மடங்கு” என்ற விகிதம் அப்படி உறுதியானதல்ல. 1815-ல் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, என்று ஒன்றை யாரும் கணக்கிடவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அறுவடை, கூலி, ஏற்றுமதி இதையெல்லாம் வைத்துக் கட்டிய மதிப்பீடுதான் அது. ஒருவர் 160 சதவீதத்துக்கு அருகில் சொல்வார், இன்னொருவர் 200-ஐத் தாண்டிச் சொல்வார். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. போர்க்காலத்தில் அரசு விற்றது 3 சதவீதப் பத்திரங்கள். சந்தையில் வட்டி அதைவிட மேலே இருந்ததால், 100 பவுண்டு என்று எழுதிய பத்திரத்தைக் கொடுத்து 60 பவுண்டை ஒட்டித்தான் கையில் வாங்கியது. கணக்கில் ஏறியது முழு 100. ஆகவே அந்த 84 கோடியும் அரசின் கைக்கு வந்த பணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, அவ்வளவு பணத்தை நம்பிக் கொடுத்தவர்கள் யார், ஏன் கொடுத்தார்கள்? இதற்கு இன்னும் நூற்றைம்பது வருடம் பின்னால் போக வேண்டும். 1672-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் திடீரென்று கஜானாவிலிருந்து கடன் தவணை கொடுப்பதை நிறுத்தினார். லண்டனின் பொற்கொல்லர்கள்தான் அன்றைய வங்கிக்காரர்கள். அவர்களிடம் ஊரார் போட்டுவைத்த பணம் அரசரிடம் மாட்டிக்கொண்டது, சுமார் 13 லட்சம் பவுண்டு. சிலர் திவாலானார்கள். அரசர் மேல் வழக்குப் போட்டு என்ன பயன்? கடன் வாங்கியவரே நீதியும் வழங்குபவர். அரசனுக்குக் கடன் கொடுத்தவர்கள் உலகம் முழுக்க இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். அதனால்தான் அரசர்களுக்கு எப்போதும் கடும் வட்டி.

1688 புரட்சிக்குப் பிறகு நிலைமை மாறியது. புது அரசர் வில்லியம் பிரான்சோடு போர் தொடுக்கிறார், பணம் வேண்டும். 1690-களில் முதல் முயற்சிகள் தடுமாற்றம்தான்: ஆயுள் முழுக்க 14 சதவீதம் தருகிறோம் என்ற திட்டம், லாட்டரிச் சீட்டு என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். 1694-ல் 12 லட்சம் பவுண்டு அரசுக்குக் கடன் கொடுக்கச் சம்மதித்தவர்களுக்கு ஒரு வங்கி நடத்தும் உரிமை கொடுத்தார்கள். வட்டி 8 சதவீதம். இரண்டு வாரத்துக்குள் பணம் சேர்ந்துவிட்டது. அதுதான் பேங்க் ஆஃப் இங்கிலாந்து. இதில் கவனிக்க வேண்டியது வங்கி பிறந்த கதையை விட, கடனுக்குப் பின்னால் நின்றது யார் என்பது. ஒவ்வொரு கடனுக்கும் இன்ன வரியிலிருந்து வட்டி தருவோம் என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. அந்த நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் கடன் பத்திரம் வைத்திருந்தவர்கள். தனக்குத் தானே பாக்கி வைக்க யாருக்கும் மனசு வராது அல்லவா.

புரட்சி நடந்தது, நாடாளுமன்றம் பலம் பெற்றது, வட்டி இறங்கியது என்று பாடப்புத்தகங்கள் ஒரே மூச்சில் சொல்லும். கல்வியாளர்களிடையே இது இன்னும் தீராத சண்டை. வட்டி உடனே இறங்கவில்லை, முப்பது நாற்பது வருடம் பிடித்தது என்பது நிச்சயம். இறங்கியதற்கு நாடாளுமன்றம்தான் காரணமா, போர் ஓய்ந்ததா, உள்நாட்டில் செய்யும் சரக்குகளின் மேல் கலால் வரி வசூலிக்கும் இலாகா திறமையாக வளர்ந்ததா என்பதில்தான் கருத்து வேறுபாடு. என் சாய்வு கலால் இலாகா பக்கம். சட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், மதுச்சாலைக்குள் போய்ப் பீப்பாயை அளந்து வரி போட ஓர் ஆள் இல்லாவிட்டால் வட்டி எங்கிருந்து வரும்?

நடுவில் 1720-ல் தென்கடல் நிறுவனக் கூத்து நடந்தது. அரசின் கடனை நிறுவனப் பங்குகளாக மாற்றுகிறோம் என்று ஆரம்பித்து, ஜனவரியில் 130 பவுண்டுக்கு அருகில் இருந்த பங்கு கோடையில் ஆயிரத்தைத் தொட்டு, வருட முடிவுக்குள் 200-க்குக் கீழே விழுந்தது. நியூட்டன்கூடப் பணம் விட்டார். எல்லோரும் இதை மோசடிக் கதையாகவே சொல்கிறார்கள். ஆனால் அரசுக்கு இதில் பெரிய லாபம். திருப்பித் தந்து முடிக்க வழியில்லாத பழைய அதிக வட்டிக் கடன்கள் எல்லாம் இந்தக் களேபரத்தில் குறைந்த வட்டிக் கடனாக மாறிவிட்டன. பிறகு 1750-களின் தொடக்கத்தில் பிரதமர் ஹென்றி பெல்லாம் பல வகைக் கடன்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே வகைப் பத்திரமாக ஆக்கினார். கன்சோல்ஸ் என்று பேர். வட்டி மூன்றரையில் தொடங்கி 1757 முதல் 3 சதவீதம். இதற்கு முதிர்வுத் தேதியே கிடையாது. அசலைக் கேட்கும் உரிமை வைத்திருப்பவருக்கு இல்லை. பணம் வேண்டுமென்றால் சந்தையில் இன்னொருவரிடம் விற்றுக்கொள்ளலாம். அரசு விரும்பினால் முழு விலை கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கடன் வாங்கிய மனிதன் ஓய்வு வயதுக்குள் கட்டி முடித்தாக வேண்டும், ஏனென்றால் சம்பளம் நிற்கும், ஆளும் ஒருநாள் போய்விடுவான். அரசுக்கு ஓய்வு வயது இல்லை. வட்டி மட்டும் தவறாமல் வந்தால் அசலை யாரும் கேட்கப் போவதில்லை.

கடனின் அளவு மட்டும் ஆளைக் கொல்வதில்லை என்பதற்குப் பக்கத்து நாடே சாட்சி. 1780-களில் பொருளாதாரத்தோடு ஒப்பிட்டால் பிரான்சின் கடன் பிரிட்டனைவிடக் குறைவு. ஆனால் வட்டி விகிதம் அதிகம். 1788-ல் அரசு செலவில் பாதி கடனுக்கே போனது. பிரபுக்களும் திருச்சபையும் பெரும்பாலான வரிகளிலிருந்து தப்பித்திருந்தார்கள். புது வரி போட வேண்டுமென்றால் 1614-க்குப் பிறகு கூடாத சபையைக் கூட்ட வேண்டும். கூட்டினார்கள், 1789-ல். அதற்குப் பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1797-ல் புரட்சி அரசே கடனில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்துக் கட்டியது.

ஆனால் பிரிட்டனின் வெற்றியைக் கொண்டாடுவதற்கு முன் அந்த வட்டியை யார் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். பீர், மால்ட், உப்பு, சோப்பு, மெழுகுவர்த்தி, தோல், கண்ணாடி, வீட்டு ஜன்னல், எல்லாவற்றின் மேலும் வரி. போருக்காக 1799-ல் பிரதமர் வில்லியம் பிட் கொண்டுவந்த வருமான வரி பணக்காரர்களை நேரடியாகத் தொட்டது. போர் முடிந்த கையோடு, 1816-ல், அரசு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நாடாளுமன்றம் அதை ஒழித்தது. போதாக்குறைக்கு அந்த வரியின் பதிவேடுகளையே அழிக்க உத்தரவிட்டது. 1842-ல் பிரதமர் ராபர்ட் பீல் திரும்பக் கொண்டுவரும் வரை வருமான வரி இல்லை. 1820-களில் அரசு செலவில் பாதிக்கு மேல் வட்டி. அதைக் கட்டியது சோப்பும் பீரும் வாங்கிய கூலிக்காரன், வாங்கியது பத்திரம் வைத்திருந்த குடும்பம். பத்திரிகையாளர் வில்லியம் காபெட் அந்தக் குடும்பங்களை “வரி தின்பவர்கள்” என்று எழுதினார், தப்பே இல்லை. கூடவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலைவாசி நீண்ட காலம் இறங்குமுகமாக இருந்ததால், கடன் கொடுத்தவருக்குக் கிடைத்த ஒவ்வொரு பவுண்டும் முன்னைவிட அதிகம் வாங்கியது. பிரிட்டன் வளர்ந்து கடனைத் தாண்டியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்த இரண்டு தலைமுறைக் கூலிக்காரர்களை மறந்துவிடுகிறார்கள்.

கடனை அடைக்கிறேன் என்று செய்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் பிரைஸ் என்ற பாதிரியார் கூட்டுவட்டியில் மயங்கியவர். இயேசு பிறந்த அன்று ஒரு பென்னியை 5 சதவீதக் கூட்டுவட்டிக்கு விட்டிருந்தால், அது தன் காலத்துக்குள் 15 கோடி பூமி அளவு தங்கமாகியிருக்கும் என்று எழுதினார். இந்தக் கணக்கில் மனசு வைத்து, 1786-ல் பிட் வருடம் 10 லட்சம் பவுண்டு ஒதுக்கிக் கடனை வாங்கித் தீர்க்கும் நிதி ஒன்றைத் தொடங்கினார். அமைதிக் காலத்தில் உபரி இருந்தபோது வேலை செய்தது. போர் வந்ததும் ஒரு கையால் புதுக்கடன் வாங்கி, மறு கையால் அந்த நிதியில் போட்டுப் பழைய கடனை அடைத்தார்கள். புதுக்கடனுக்கு வட்டி அதிகம், இடையில் தரகு வேறு. 1813-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரக் கணித ஆசிரியர் ராபர்ட் ஹாமில்டன், வரவு செலவைவிட அதிகமாக இருந்தால்தான் கடன் குறையும் என்று பொறுமையாக நிரூபிக்க வேண்டியிருந்தது. இன்றும் இதே வித்தையைப் புதுப் பெயரில் யாராவது கொண்டு வருவார்கள்.

இதே நேரத்தில் நம் ஊரில் நடந்ததைச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு முழு விடை கிடைக்கும். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவைப் பதவியில் உட்கார வைத்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. அந்தப் போர்ச் செலவைக் கம்பெனி அவர் தலையில் எழுதியது. அதைக் கட்டவும், தன் சேப்பாக்கம் அரண்மனை வாழ்வை நடத்தவும் அவர் கடன் வாங்கினார். கொடுத்தவர்கள் யார்? அதே கம்பெனியின் மதராஸ் ஊழியர்கள், தனிப்பட்ட முறையில். வட்டி 36 சதவீதத்தில் தொடங்கி, 25, 20 என்று இறங்கி, கம்பெனி இயக்குநர்களின் உத்தரவால் 10-க்கு வந்தது. அதே வருடங்களில் லண்டனில் அரசுப் பத்திரத்துக்கு 3 சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள். அடமானமாக நவாப் கொடுத்தது நிலவரி வசூலிக்கும் உரிமை. ஆக, கம்பெனியில் சம்பளம் வாங்குபவர் நவாபிடம் வட்டி வாங்கி, நவாபின் குடிகளிடம் கிஸ்தி வசூலித்தார். கம்பெனிக்குச் சேர வேண்டிய தவணை மட்டும் பாக்கி.

விளைவு எங்கே போனது என்றால், 1773-ல் கம்பெனிப் படை நவாபுக்காகத் தஞ்சாவூரைப் பிடித்தது. செழிப்பான காவிரி டெல்டா கையில் இருந்தால் கடனுக்கு நல்ல ஈடு அல்லவா. லண்டன் இயக்குநர்கள் அதைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி பிகட் பிரபுவை ஆளுநராக அனுப்பினார்கள். 1776 ஏப்ரலில் அவர் தஞ்சையைத் துளஜா மன்னரிடம் ஒப்படைத்ததும், பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் கிளம்பினார்: தஞ்சாவூர் விளைச்சல் மேல் எனக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் பாத்தியதை இருக்கிறது என்று. அவர் சம்பளத்துக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஆலோசனைச் சபையில் பெரும்பான்மை கடன் கொடுத்தவர்கள் பக்கம். ஆகஸ்டில் ஆளுநரையே கைது செய்தார்கள். அடுத்த மே மாதம் காவலிலேயே அவர் இறந்தார்.

1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் இதைப் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்தினார். நவாபின் பணத்தால் நாடாளுமன்ற இடங்கள் வாங்கப்பட்டன, பென்ஃபீல்டு முந்தைய நாடாளுமன்றத்தில் எட்டு பேரை உறுப்பினராக்கினார் என்பது அவர் குற்றச்சாட்டு. அந்த எட்டு என்ற எண்ணை அப்படியே ஏற்கத் தயங்குவேன், பர்க் வழக்காடும் வேகத்தில் பேசுபவர். பென்ஃபீல்டு தாமே உறுப்பினராக இருந்தது உண்மை. எப்படியோ, பர்க் தோற்றார். விசாரணையே இல்லாமல் பழைய கடன்கள் ஏற்கப்பட்டன, வருடம் 12 லட்சம் பகோடா (அன்றைய தென்னிந்தியத் தங்க நாணயம்) நவாப் கட்ட வேண்டும் என்று ஏற்பாடானது. 1801-ல் கம்பெனி கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட நவாபின் ராஜ்யம் முழுவதையும் எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சக் கடன் என்று வந்து நின்ற கோரிக்கைகளை விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்தது, 1805 தொடங்கிக் கால் நூற்றாண்டு அது நடந்தது. கேட்கப்பட்டது மூன்று கோடி பவுண்டு. உண்மையான கடன் என்று ஏற்கப்பட்டது சுமார் 27 லட்சம், அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விசாரித்தபோது இப்படி என்றால், 1785-ல் விசாரிக்காமல் கொடுத்ததில் எவ்வளவு பொய் இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், ஊகம்தான் முடியும்.

இரண்டு கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லண்டனில் கடன் கொடுத்தவர், வாங்கியவர், வரி போட்டவர் எல்லோரும் ஒரே மன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள், கணக்கு அச்சடித்து வெளியானது. ஆற்காட்டில் கடன் ஓர் ஆளின் கையெழுத்து. அதைக் கட்டிய நெல்லூர், திருநெல்வேலி விவசாயிக்குக் கடன் இருப்பதே தெரியாது. ஒன்று மூன்று சதவீதத்தில் ஓடியது, மற்றது ராஜ்யத்தையே விழுங்கியது.

இந்த ஏற்பாடு பிறகு இந்தியா முழுமைக்கும் வந்தது. 1833 சாசனச் சட்டப்படி கம்பெனி வியாபாரத்தை நிறுத்தியது. ஆனால் லண்டனில் இருந்த அதன் பங்குதாரர்களுக்கு வருடம் பத்தரை சதவீத ஈவு, அதாவது 6,30,000 பவுண்டு, இந்திய வரியிலிருந்து தொடர்ந்து போனது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு இந்தியாவின் கடனாகவே எழுதப்பட்டது. 1858-ல் கம்பெனி ஆட்சி போய் மகாராணி ஆட்சி வந்தபோதும் பழைய கடன் இந்திய வருவாயின் மேலேயே நின்றது. 1874-ல்தான் பங்குகளை ஒன்றுக்கு இரண்டு விலை கொடுத்து மீட்டுக் கம்பெனியை மூடினார்கள். தன்னை வென்றவர்களுக்கு விலை கொடுத்த நாடு என்று சொன்னால் அது மிகையல்ல, கணக்கில் இருக்கிறது. இந்தக் கடனில் எது நியாயம், எது இந்தியா கட்டத் தேவையில்லாதது என்று ஆராய 1931-ல் காங்கிரஸ் ஒரு குழு போட்டது. அதன் அமைப்பாளர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. காந்தியப் பொருளாதாரம் என்றுதான் அவரை நினைவு வைத்திருக்கிறோம். அவர் அடிப்படையில் ஒரு தணிக்கையாளர், அந்தக் கண்ணோடுதான் பிரிட்டிஷ் கணக்கைப் படித்தார்.

இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டன் வேறு வழி பிடித்தது. முதல் போருக்குப் பின் கடன் 700 கோடி பவுண்டைத் தாண்டியது. 1932-ல் நிதியமைச்சர் நெவில் சேம்பர்லின் 200 கோடி பவுண்டு போர்க்கடனை 5 சதவீதத்திலிருந்து மூன்றரைக்கு இறக்கினார், பெரும்பாலோர் தேசபக்தியில் சம்மதித்தார்கள். இரண்டாம் போருக்குப் பின் கடன் மறுபடி ஆண்டு வருமானத்தின் இரண்டரை மடங்கு. இந்த முறை விலைவாசி உயர்வு கைகொடுத்தது: வட்டி குறைவு, பணவீக்கம் அதிகம். 1974-ல் அந்த மூன்றரை சதவீதப் பத்திரம் 100 பவுண்டுக்கு 30-க்கும் கீழே விலை போனது. அப்பா வாங்கிவைத்த பத்திரத்தை நம்பிய குடும்பங்கள் பெயருக்கு முழு வட்டி வாங்கிக்கொண்டே ஏழையாயின. இதுவும் ஒருவகையில் கடனைக் கைவிரிப்பதுதான், நோட்டீஸ் ஒட்டாமல்.

அந்தப் போரில் பிரிட்டனுக்குக் கடன் கொடுத்தவர்களில் இந்தியாவும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் வாங்கிய தளவாடத்துக்கும் படைச் செலவுக்கும் பிரிட்டன் லண்டனில் பவுண்டை வரவு வைத்தது, ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அடித்துக் கொடுத்தது. போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தர வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. நோட்டு பெருகி விலை ஏறியது நிச்சயம். 1943 வங்காளப் பஞ்சத்துக்கு அந்த விலையேற்றம் எவ்வளவு காரணம், நிர்வாகத் தவறு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. அந்தப் பணத்தைப் பிரிட்டன் பூட்டிவைத்து, தவணை தவணையாகத்தான் விடுவித்தது. 1949-ல் பவுண்டின் மதிப்பை டாலருக்கு எதிராக 30 சதவீதம் குறைத்தபோது மீதியின் டாலர் மதிப்பும் கரைந்தது.

கன்சோல்ஸ் கடைசியில் 2015-ல் மீட்கப்பட்டன. அடிமை முறையை ஒழித்தபோது உரிமையாளர்களுக்கு இழப்பீடு தர வாங்கிய கடனும் அப்போதுதான் தீர்ந்தது என்று 2018-ல் பிரிட்டிஷ் நிதித்துறை பெருமையாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது. 1833 சட்டப்படி 2 கோடி பவுண்டு இழப்பீடு, அதில் ஒன்றரைக் கோடி கடன், பணம் போனது அடிமைகளுக்கு அல்ல, முதலாளிகளுக்கு, இவை உறுதி. ஆனால் பலமுறை மாற்றி மாற்றி எழுதப்பட்ட பத்திரத்தில் இந்தப் பவுண்டு அந்தக் கடன்தான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இனி உங்கள் இரண்டாவது பாதி. பிரிட்டன் வாங்கியது பெரும்பாலும் தன் மக்களிடம், தன் நாணயத்தில். இன்று ஜப்பானின் கடன் அதன் ஜிடிபியைப் போல இரண்டு மடங்குக்கு மேல்; அதுவும் யென்னில், பெரும்பகுதி உள்நாட்டவரிடம். இலங்கை 2007 முதல் டாலர் பத்திரங்களை விற்றது. 2019 இறுதியில் வாட் வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டியது, அடுத்த வருடம் சுற்றுலா நின்றது, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்துவதாக அறிவித்தது. கொழும்பில் டாலர் அச்சடிக்க முடியாது. இந்தியா 1991-ல் மாட்டிக்கொண்டதும் டாலர் பற்றாக்குறையில்தான். அந்த ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை அடகு வைத்ததில் பெட்டி போய்ச் சேர்ந்த இடம் பேங்க் ஆஃப் இங்கிலாந்து. இன்றைய இந்திய அரசுக் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டு வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் இருக்கிறது. ஆகவே கொழும்பில் நடந்ததைப் பார்த்து அதேபோல இங்கும் என்று பயப்படக் காரணம் குறைவு. அதற்காக இலவசம் என்றும் அர்த்தமில்லை: மத்திய அரசின் வருவாய் வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போகிறது, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மீதியிலிருந்துதான்.

எத்தனை சதவீதம் தாண்டினால் ஆபத்து என்று அடுத்து கேட்பீர்கள். 2010-ல் இரண்டு அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர்கள் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி விழும் என்று சொன்னார்கள், பல நிதியமைச்சர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2013-ல் ஒரு மாணவர் அவர்களின் எக்செல் தாளை வாங்கிப் பார்த்தபோது சில நாடுகளின் வரிசை கூட்டலிலேயே சேராமல் விடுபட்டிருந்தது தெரியவந்தது. கடனும் வளர்ச்சியும் சம்பந்தப்பட்டவை என்பதை அதற்குப் பிறகும் பலர் ஏற்கிறார்கள், எல்லைக்கோடு ஒன்று இருக்கிறது என்பதைத்தான் ஏற்பவர் குறைந்துவிட்டார்கள். பட்ஜெட் வரும்போது மொத்தக் கடன் எத்தனை லட்சம் கோடி என்ற தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு மூன்று எண்களைப் பாருங்கள்: வருவாயில் வட்டி எத்தனை பங்கு, கடனில் வெளிநாட்டு நாணயம் எத்தனை பங்கு, அடுத்த ஓரிரு வருடத்தில் முதிரும் பத்திரம் எவ்வளவு. மூன்றும் அரசு ஆவணங்களிலேயே கிடைக்கும்.